தீராப் பிணியும் தணிக்கும் மருந்தும்

பிணியை வேரோடு களைவது ஒருவகை மருந்து. பிணி நீங்காவிடத்தும் அதனால் விளையுந் துன்பத்தைத் தணிப்பது மற்றொருவகை மருந்து. முற்றிய புற்றுநோயாளர்க்கு மருத்துவர் கொடுக்கும் ஸ்டீராய்டு பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. இரத்தத்தைப் பற்றிய புற்றுநோய் சிலவற்றில் நோயையே ஒடுக்கவும் அது பயன்படுவதுண்டு. அஃது ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளன்று.

இவ்வேறுபாட்டை அறியாமையால், ஸ்டீராய்டு என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அஞ்சி மருந்தை மறுப்பார் சிலர். வேறு சிலரோ, அதனை உண்ட நோயாளி இரண்டொரு நாளில் எழுந்தமர்ந்து சோறு கேட்பதைக் கண்டு, நோயே தீர்ந்ததென மகிழ்ந்து, பின்னர் இருமடங்கு துயருறுவர். தமிழ் பயில்வானுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளராயின், வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உடனிருந்து உதவுவானையும் கூட்டி மருத்துவத்தை நான்கு கூறாக்கினமையை அவர்க்கு நினைவூட்டுவேன். அந்நான்காம் இடத்தில் நம்முள் பலரும் ஒருநாள் நிற்க நேரும்.

நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல இரண்டு சிறு சுரப்பிகள் உள. அவற்றின் புறப்பகுதி கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரந்து இரத்தத்திற் கலக்கின்றது. விடியற்காலையில் அது மிகுந்தும் இரவிற் குறைந்தும் சுரக்கும். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்பவர், இதற்கு இனமான கார்ட்டிசோனை மூட்டுவாதத்தால் முடங்கிக்கிடந்த ஒருவர்க்குச் செலுத்தினார். சின்னாளில் அந்நோயாளி எழுந்து நடந்தனர். 1950-இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். எனினும் மருந்தை நிறுத்தியவழி வாதம் மீண்டது. நெடுநாட் கொடுத்தவழி வேறு கேடுகள் தோன்றின. இம்மருந்தின் இயல்பு முழுதும் அம்முதற் சோதனையிலேயே வெளிப்பட்டதெனலாம். இக்காலத்தில் புற்றுநோயாளர்க்குப் பெரிதும் வழங்குவது டெக்ஸாமெத்தசோன். கார்ட்டிசால் 20 மில்லிகிராம் செய்யும் வேலையை இது முக்கால் மில்லிகிராமிற் செய்யும்.

இதன் ஆற்றல் மிகத் தெளிவாகப் புலப்படுவது மூளையில். மண்டையோடு விரிந்து கொடுப்பதன்று. மூளையிலே கட்டி தோன்றின், அதனைச் சூழ்ந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, நீர் கோத்து, வீக்கம் உண்டாகின்றது. இடமின்மையால் அழுத்தம் பெருகிக் காலைத் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், கைகால் தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன. 1961-இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காலிசிச், பிரெஞ்சு என்னும் இருவர், டெக்ஸாமெத்தசோன் இவ்வீக்கத்தை வடியச் செய்வதைக் காட்டினர். பேச மாட்டாதிருந்தவர் ஒரு நாள் இரு நாளிற் பேசுவதும் உண்டு. கட்டியோ இருந்தபடியே இருக்கும். அதனைச் சூழ்ந்த நீரே குறைந்தது. முதுகெலும்பினுள் ஓடும் தண்டுவடத்தைக் கட்டி நெரிக்கும்போதும் இம்மருந்தை உடனே தொடங்குவர். புற்றுநோயாளர் ஒருவர்க்குப் புதிதாய் முதுகுவலியும் கால் தளர்ச்சியும் தோன்றின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது; தாழ்த்தின் இழந்த நடை பெரும்பாலும் மீளாது. கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வரும் வலி முதலியவற்றிற்கும் இதனைக் கொடுப்பதுண்டு.

பசியின்மைக்கும் சோர்வுக்கும் இது செய்யும் உதவி வேறுவகையானது. நார்வே நாட்டில் நிகழ்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஓப்பியம் இனத்து மருந்துகளை முன்னரே உண்டுவந்த புற்றுநோயாளருள் ஒரு சாரார்க்கு ஸ்டீராய்டும் மற்றொரு சாரார்க்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் 7 நாள் கொடுத்தனர். வலியில் இரு சாரார்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. பசியும் ஊக்கமும் ஸ்டீராய்டு உண்டார்க்கே மிகுந்தன. மூச்சுத்திணறலுக்கும் இது நன்றென்று பலர் நம்பியிருந்தனர். 2022-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றிலோ, மிகுந்த அளவிற் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் போலி மாத்திரையினும் மேம்படவில்லை, தீங்குகளே மிகுந்தன. எல்லாத் துன்பத்திற்கும் இதனையே நீட்டும் வழக்கம் இனியேனும் குறைதல் நன்று.

பெருகிய பசியும் நிலைப்பதன்று. சில வாரங்களிற் குன்றிவிடும். அதற்குள் கேடுகள் தலைகாட்டும். இரத்தத்திற் சர்க்கரை ஏறும், வாயில் வெண்மையான பூஞ்சை படரும், முகம் உப்பும், மனம் அமைதியிழக்கும். தொடைத் தசைகள் மெலிதலை நான் எல்லாவற்றினும் கொடிதென எண்ணுகின்றேன். பிறர் துணையின்றிக் கழிப்பிடஞ் சென்றுவந்த ஒருவர் நாற்காலியினின்று எழமாட்டாராவது, தேர்ந்து நோக்குவார்க்குச் சிறு இழப்பன்று.

ஆதலின், இன்ன துன்பத்திற்காகவே கொடுக்கின்றோம் எனத் தெளிந்து தொடங்குவதும், ஒரு வாரத்திற் பயன் காணாவிடின் விடுத்துவிடுவதும், பயன் கண்டவழி அதனைத் தாங்கும் மிகக் குறைந்த அளவிற்கு இறக்குவதும் நல்ல மருத்துவர் முறை. மாலையில் உண்டால் உறக்கம் கெடுமாதலின் காலையிற் கொடுப்பர். மூன்று வாரத்திற்கு மேல் உண்டவர் திடீரென நிறுத்தலாகாது. வெளியிலிருந்து வந்த பொருளை நம்பி உடலின் சுரப்பிகள் தொழிலை மறந்திருக்குமாதலின், சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

செவிலியாய்ப் பணிபுரிந்து, பின்னர் மருத்துவமும் கற்று, 1967-இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறப்பை நோக்கியிருப்பாரின் வலி உடலோடு நிற்பதன்று என்று கற்பித்தனர். மாத்திரை தரும் சில வார ஊக்கத்தை நோயாளி எதற்குச் செலவிட விரும்புகின்றார் என்று அவரையே கேட்டறிதல் அக்கல்வியின் வழிப்பட்டது. மகளின் திருமணத்தில் அமர்ந்திருப்பதற்கா, பிரிந்த உடன்பிறந்தாரைக் காண்பதற்கா, வீட்டுக் கணக்கை மகனிடம் ஒப்புவிப்பதற்கா? இவ்வூக்கம் கடனாக வந்ததென்பதை மறைத்துவைத்தால், அவர் அவற்றையெல்லாம் அடுத்த மாதத்திற்கு ஒத்திவைத்துவிடுவர்.

விழுங்கும் ஆற்றல் ஒழியும் இறுதி நாட்களில், பலர்க்கு மருத்துவர் இம்மருந்தை நிறுத்திவிடுவர். மூளைக் கட்டியுடையார்க்கோ, நிறுத்தினால் தலைவலியும் வலிப்பும் மீளுங்கொல் என்று ஆராய்ந்து, வேண்டுமாயின் தோலின்கீழ் ஊசிவழியே தொடர்ந்து செலுத்துவர்.