சைவமானாலும் எண்ணெய் எண்ணெய்தான்

பத்துமலை அடிவாரத்தில் தொடங்கும் கேள்வி

பத்துமலை அடிவாரத்துச் சைவ உணவகங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மாலையானால் வடை, பஜ்ஜி, பூரி, ரொட்டி சானாய், மீ கோரெங் என்று மணக்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் அவற்றைப் பொட்டலம் கட்டி வாங்கிச் செல்வது இயல்பே. இறைச்சி இல்லை, நம் சமையல்தான், ஆகவே கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்த நம்பிக்கை தவறானது. உணவு சைவமா அசைவமா என்பது மட்டும் உடம்பின் நலத்தை முடிவு செய்வதில்லை. அதில் எவ்வளவு எண்ணெய் இறங்கியது என்பதும் முடிவு செய்கிறது. அந்த அளவை நாமே தீர்மானிக்கும் இடம் வீட்டு அடுப்புதான்.

எண்ணிக்கை விடுக்கும் எச்சரிக்கை

மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர். உடல் எடை மிகுந்தவர்களும் உடல் பருமன் உள்ளவர்களும் அப்போது 50.1 விழுக்காடு; 2023 ஆய்வில் அது 54.4 ஆனது. இதற்கு எண்ணெய் ஒன்றே காரணமில்லை. மரபணு, சர்க்கரை, உடலுழைப்புக் குறைவு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் மரபை மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. பொரிக்கும்போது மாவு உறிஞ்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிறு நிறைந்த உணர்வையும் அது அதிகம் தருவதில்லை. பாமாயிலில் கொலஸ்ட்ரால் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துவது அதுதான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கேடான சேர்மங்களும் பெருகும்.

அடுப்படியில் இருக்கும் மாற்று

இதற்காக அயல்நாட்டு உணவைத் தேட வேண்டியதில்லை. ஆவியில் வேகும் இட்லி, இடியாப்பம், புட்டு நம்முடையவை. வடைக்கு ஈடாகச் சுண்டல் இருக்கிறது. அதே பருப்புச் சத்து, தாளிக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். ரொட்டி சானாய் மாவு கொழுப்பில் ஊறி, கொழுப்பிலேயே வேகிறது; ஆட்டா சப்பாத்தியைக் காய்ந்த கல்லில் சுட்டுப் பருப்புக் கறியோடு சாப்பிட்டால் அந்த ஆசை தீரும். மஞ்சள் மீயைக் கொதிநீரில் அலசி, தவுஃபு, கீரை, தவுகே சேர்த்து ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கிளறலாம். கோழியைத் தயிர், மஞ்சள்தூள், மிளகாய்த்தூளில் ஊறவைத்து ஓவனில் சுடலாம். சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறோ ரொட்டியோ, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ. வீட்டுச் சமையலில் இந்த அளவு எளிதில் அமையும்.

நேரமும் ருசியும்

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கிள்ளான் பள்ளத்தாக்கின் போக்குவரத்து நெரிசலில் மாலை கரைந்துவிடுகிறது. ஆனால் விடுமுறை நாளில் அவித்துக் குளிர்பெட்டியில் வைத்த கடலையும், முன்னதாக அரைத்த இட்லி மாவும் வார நாள்களில் அரை மணி நேரத்துக்குள் பசியாற உதவும். இந்த வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் மட்டும் சுமத்தினால் அது நிலைக்காது. எல்லாரும் கைகொடுக்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் ருசி போகும் என்பதும் முழு உண்மையன்று. கறிவேப்பிலை, சீரகம், இஞ்சி, புளி, எலுமிச்சை இருக்கும் சமையலறைக்கு ருசிப் பஞ்சமில்லை. வீட்டிலும் தாராளமாகத்தானே ஊற்றுகிறோம் என்பது வலுவான மறுப்பு. வீட்டில் சமைத்தால் மட்டும் போதாது. புட்டியிலிருந்து நேராக ஊற்றும் பழக்கத்தை விட்டுக் கரண்டியால் அளக்க வேண்டும்.

தைப்பூசத்தன்று தின்னும் ஒரு வடையால் யாரும் கெட்டுவிடுவதில்லை. வாரத்தில் பல நாள் அதுவே உணவாவதுதான் கேடு. இந்த வாரம் இரண்டு பொட்டலங்களைக் குறைத்து, இரண்டு வேளை வீட்டில் அளந்து சமையுங்கள். பிள்ளைகளையும் அடுப்படிக்கு அழையுங்கள்.