சாண எரிவாயுக் குழாயில் தேங்கும் தண்ணீர்



பாஞ்சாலங்குறிச்சி போன்ற கரிசல் கிராமங்களில் சாண எரிவாயு அடுப்பு சரியாக எரியாவிட்டால், "சாணம் போதவில்லை" என்றுதான் முதலில் சொல்வார்கள். பல வேளைகளில் குறை சாணத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது.

கலனிலிருந்து வரும் வாயு ஈரமானது. குழாய் குளிரும்போது அந்த ஈரம் தண்ணீராகி, பள்ளமான இடத்தில் தேங்கி வழியை அடைக்கிறது. சுவாலை துடித்துத் துடித்து அணையும். வீட்டுப் பெண்கள் மறுபடியும் சீமைக்கருவேல விறகுக்கே போவார்கள். மூடிய அடுக்களையில் அந்தப் புகை கண்ணையும் நுரையீரலையும் என்ன செய்யும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குழாய்க்கு 100 அடிக்கு 1 அடியாவது சரிவு வேண்டும். மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு வால்வு போதும். வடிக்கும்போது அருகில் நெருப்பு ஆகாது. தண்ணீர் நின்று வாயு வந்ததும் மூடிவிட வேண்டும்.

கரிசலில் இது மட்டும் போதாது. ஐப்பசி மழையில் இந்த மண் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். புதைத்த குழாய் நடுவில் தொய்ந்து, வடிகால் இல்லாத இடத்தில் புதுப் பள்ளம் உண்டாகும். ஆகவே இரும்புக் குழாயைத் தூண்கள்மேல் தாங்கிக் கொண்டுபோவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். பிளாஸ்டிக் குழாய் மலிவுதான். நம் வெயிலில் நொறுங்கிவிடும்.

1984-ல் வந்த தீனபந்து கலன் கட்டுமானச் செலவைக் குறைத்தது. கலனுக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் பலர். இந்த வால்வையும் தூண்களையும் கணக்கில் சேர்ப்பவர்கள் சிலரே.

எரிந்த காற்று வெளியேற அடுக்களையில் ஜன்னலும் வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அடுப்பைப் பற்றவைக்காமல் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.