எட்டு உயிர் எங்கே போச்சு?

‘‘உன் ஆளு செத்துட்டான்டா!’’

‘‘போடா, இன்னும் எட்டு பாயின்ட் உயிர் இருக்கு!’’

ஹாஸ்டல் ரூமுக்குள்ள இப்படிச் சத்தம் கேட்டா, வார்டனைக் கூப்பிட ஓடாதீங்க பாஸ். உள்ளே நடக்கிறது டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இதுக்கெல்லாம் தாத்தா. ஒருத்தர் கதை சொல்வார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா மாறி ஆடணும். ஜெயமா, தோல்வியானு டைஸ் சொல்லும். அந்தப் பாத்திரத்தோட பலம், வேகம், உயிர் எல்லாத்தையும் எண்ணா எழுதிவைக்கிற தாள்தான் கேரக்டர் ஷீட்.

டிராகன் கட்டாயமில்லை. அருப்புக்கோட்டையில தறி ஓட்டுற அக்கா, திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுற அண்ணன், காய்ஞ்ச குண்டாத்து மணல்ல ராத்திரி தெரியுற ஒத்தை வெளிச்சம்... கதை ரெடி! 2023 ஜனவரியில இந்த விளையாட்டோட அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க. அதனால பைசா செலவில்லை.

தலைவலி தாள்லதான். நம்ம கரிமூட்ட அண்ணன் எட்டாவது லெவலுக்கு வர்றார்; உடல் உறுதி 13-லிருந்து 14 ஆகுது. உடனே அதோட மாடிஃபையர் 1-லிருந்து 2 ஆகும். லெவலுக்கு ஒண்ணு வீதம், மொத்த உயிர்ல கூடுதலா எட்டு ஏறணும். பேனா பிடிக்கிறவர் 14-ஐ எழுதிட்டு எட்டை மறந்துடுவார். மேலே கேட்ட சண்டை அதுதான்!

வழி? எக்ஸெல்லோ, கூகுள் ஷீட்ஸோ போதும். ஆறு திறன், லெவல், கத்துக்கிட்ட வித்தைகள்... இதை மட்டும் நீங்க டைப் பண்ணுங்க. மிச்சத்தை ஃபார்முலா பார்த்துக்கும். திறன் எண்ல 10-ஐக் கழிச்சு, ரெண்டால வகுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினா மாடிஃபையர்.

இங்கேதான் ஒரு கண்ணி. ‘கீழ்நோக்கி’னு சொன்னதும் பலரும் ‘ரவுண்ட்டவுன்’ ஃபங்ஷனைப் போடுவாங்க. அது பூஜ்யத்தைப் பார்த்து நகரும். திறன் 9-ன்னா மைனஸ் 1 வரணும், 0 வரும். 7-க்கு மைனஸ் 2 வரணும். மைனஸ் 1 வரும். சோப்ளாங்கி எல்லாம் சத்தமில்லாம பலசாலி! 10-க்கு மேலே விடை சரியா வர்றதால யாருக்கும் சந்தேகமே வராது. ‘இன்ட்’ ஃபங்ஷனைப் போடுங்க; 9, 7 ரெண்டையும் கொடுத்து சோதிச்ச பிறகு ஆடுங்க.

ஃபார்முலா உள்ள கட்டங்களைப் பூட்டிடுங்க. போன்ல விரல் தவறி ஒரு எண்ணை அடிச்சா ஃபார்முலா காலி. அடிபட்ட பிறகு மீதமுள்ள உயிருக்குத் தனிக் கட்டம் வேணும். அதைக் கையாலதான் மாத்தணும்.

டைஸை மட்டும் போன்கிட்ட கொடுக்காதீங்க, த்ரில்லே போயிடும். இருபது முக டைஸ் இல்லையா? தாயக்கட்டை உதவாது, ரெண்டு கட்டைக்கும் சேர்த்து 16 சேர்க்கைதான். 1 முதல் 20 வரை சீட்டு எழுதி, சொம்புல போட்டுக் குலுக்குங்க. எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட மறந்துடாதீங்க!