தசையைக் குழப்புவதா, பழக்குவதா?

பயிற்சியை அடிக்கடி மாற்றாவிட்டால் தசை பழகிவிடும், பழகிய தசை வளராது என்னும் கூற்று உடற்பயிற்சிக் கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அமெரிக்காவில் உடற்கட்டு இதழ்களை நடத்திய ஜோ வைடர் தம் பயிற்சிக் கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்த்த ‘தசைக் குழப்பம்’ என்னும் இக்கருத்து, 2000-களில் பி90எக்ஸ் என்னும் வீட்டுப் பயிற்சித் திட்டத்தின் விளம்பரங்களால் உலகெங்கும் அறிமுகமாயிற்று. நாளுக்கொரு புதுப் பயிற்சி என்று விற்கப்படும் திட்டங்கள் இன்றும் அதையே சார்ந்து நிற்கின்றன. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதை முழு உண்மையாக நம்புவோர் உடலளவிலும் பணத்தளவிலும் இழப்புக்கு உள்ளாகின்றனர்.

தசை வளர்வது எதனால்?

எடையை எதிர்த்துச் சுருங்கும்போது தசையிழைகளில் உண்டாகும் இழுவிசையே வளர்ச்சிக்கான முதன்மைத் தூண்டல் என்று உடலியங்கியல் கருதுகிறது. அத்தூண்டலால் இழைக்குள் புதிய புரதம் உருவாகும் வேகம் கூடுகிறது; போதிய உணவும் உறக்கமும் அமையுமானால் இழை வாரக்கணக்கில் தடிக்கிறது. தூக்கித் தூக்கிப் பழகிய எடை நாளடைவில் எளிதாகிவிடுவதால், எடையையோ, இடைவிடாது தூக்கும் தடவைகளான ‘ரெப்ஸ்’களையோ, அத்தடவைகள் சேர்ந்த சுற்றான ‘செட்’டின் எண்ணிக்கையையோ சிறிது சிறிதாக உயர்த்த வேண்டியிருக்கிறது; இதுவே படிப்படியான சுமையேற்றம் எனப்படும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், 1940-களில் இம்முறையை மருத்துவத்தில் நிலைபெறச் செய்தார்.

பயிற்சிக்கு மறுநாள் தோன்றும் வலி வளர்ச்சியின் அளவுகோல் அன்று. தொடக்க வாரங்களில் உருவாகும் புரதம் பெரிதும் தசையிழைகளின் சேதத்தைச் சீர்செய்யவே செலவாகிறது என்பதையும், உடல் பழகிச் சேதம் குறைந்த பின்னரே புரத உருவாக்கம் தசை வளர்ச்சியோடு ஒத்துப்போகிறது என்பதையும் பிரேசில் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட 10 வார ஆய்வு காட்டியது. 2019-ல் அந்நாட்டு ஆய்வாளர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஏற்கெனவே பயிற்சி பெற்ற இளைஞர்களின் ஒரு காலுக்கு மாறாத பயிற்சியும் மறு காலுக்கு எடை, ஓய்வு நேரம் முதலியவற்றை மாற்றி மாற்றி அமைத்த பயிற்சியும் 8 வாரங்கள் அளிக்கப்பட்டன. இரு கால்களும் ஏறத்தாழ ஒரே அளவில் வளர்ந்தன.

மாற்றத்துக்கு உரிய இடம்

மாற்றம் முற்றிலும் பயனற்றது என்றும் கொள்ளலாகாது. தொடையின் முன்புறத் தசை நான்கு பிரிவுகளால் ஆனது; ஒரே பயிற்சியில் அவை அனைத்தும் சமமாக வளர்வதில்லையாதலால், ஸ்குவாட் என்னும் உட்கார்ந்தெழும் பயிற்சியுடன் வேறொரு பயிற்சியையும் சேர்ப்பது பயன் தரும். மூட்டில் வலி தோன்றினாலும் சலிப்பு மிகுந்தாலும் பயிற்சியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் பயிற்சி மாறுமானால், அசைவைக் கற்பதிலேயே நரம்பு மண்டலத்தின் முயற்சி செலவாவதோடு, சென்ற மாதத்தைவிட வலிமை கூடியதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழியும் அடைபடுகிறது. எனவே முதன்மைப் பயிற்சிகள் சிலவற்றைச் சில மாதங்களேனும் மாற்றாது தொடர்வதே தக்கது.

இடர்கள்

பழகாத பயிற்சியைத் திடீரென மிகுதியாகச் செய்யும்போது தசையிழைகள் சிதைந்து, அவற்றினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மருத்துவர்கள் இதனை ராப்டோமயோலிசிஸ் என்பர். நீண்ட இடைவெளிக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவோருக்கும், கடும் வெப்பத்தில் நீர் போதாமல் பயிற்சி செய்வோருக்கும் இவ்விடர் அதிகம். தாங்கவொண்ணாத வலி, வீக்கம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் ஆகியவை காணப்பட்டால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ‘விரைவான வளர்ச்சி’க்கென்று பயிற்சிக் கூடங்களில் கைமாறும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள்; இதயம், கல்லீரல், இனப்பெருக்க உறுப்புகள் ஆகியவற்றை அவை பாதிக்கின்றன.

உரிமைகள்

பண இழப்பைப் பொறுத்தவரை, இந்தியாவில் கட்டணம் செலுத்திப் பயிற்சிக் கூடத்தில் சேர்பவர், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆவார். பில் தர மறுப்பதும், குறைபாடுள்ள சேவையை நிறுத்திவிட்டுப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் இச்சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள். பணத்தைத் திருப்புவதற்கான காலத்தைப் பில் குறிப்பிடாதபோது 30 நாட்கள் எனச் சட்டமே வரையறுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

தீர்வுகள்

முதலில் கூடத்தின் நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் முறையிட வேண்டும். பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். அதன் பின்னும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதபோது வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரை அமர்த்த வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே நியாயமற்றவை என்னும் புகார் மட்டும் மாநில ஆணையத்துக்கு உரியது.

பணம் கட்டுவதற்கு முன்பே பயிற்சித் திட்டத்தையும், பயிற்சியாளரின் தகுதியையும், பணத்தைத் திருப்பித் தரும் விதியையும் எழுத்தில் பெற்றுக்கொள்வதும், சேர்ந்த பின் ஒவ்வொரு நாளும் தூக்கிய எடையையும் தடவைகளையும் குறித்துவைப்பதும் நன்று. வளர்ச்சி நிகழ்கிறதா என்பதை உறுப்பினருக்கு உணர்த்தும் அக்குறிப்பே, வாக்களித்த பயிற்சி அளிக்கப்பட்டதா என்ற கேள்வி எழும்போது அவருக்கு ஆதாரமாகவும் அமையும்.