ஜீஃபோர்ஸ் ஜிடி 1030

ஜீஃபோர்ஸ் ஜிடி 1030 என்பது என்விடியா நிறுவனம் மே 2017 இல் வெளியிட்ட குறைந்த விலை வரைவியல் அட்டை ஆகும். பாஸ்கல் கட்டமைப்பைச் சேர்ந்த இதன் செயலி 384 கணிப்புக் கருக்களைக் கொண்டது. ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்எக்ஸ் 550 இதன் நேரடிப் போட்டியாக விளங்கியது. ஒரே பெயரில் இரு வேறு தரங்களில் விற்கப்பட்டமையால் இவ்வட்டையைப் பற்றி வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

நிறைகள்

இவ்வட்டையின் முதன்மையான நிறை குறைந்த மின்நுகர்வே ஆகும். இது 30 வாட்டு அளவிலேயே இயங்குகிறது. தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பொருத்துவாய் 75 வாட்டு வரை வழங்கக் கூடியது என்பதால் தனி மின்கம்பி தேவைப்படுவதில்லை. அலுவலகங்களில் பயன்படுத்திக் கழிக்கப்பட்ட பழைய மேசைக்கணினிகள் பலவற்றின் மின்வழங்கியில் வரைவியல் அட்டைக்கான கம்பியே இராது, பெட்டியும் ஒடுக்கமானது. அவற்றில் பொருந்தும் குறையுயர அட்டைகளுள் இது குறிப்பிடத்தக்கது. விசிறியின்றி வெப்பமுறிஞ்சி மட்டும் கொண்ட வடிவங்களும் உண்டு. இவை ஓசையின்றி இயங்கும் என்றாலும் கோடை வெப்பத்தில் பெட்டிக்குள் காற்றோட்டம் தேவை.

தென்காசி மாவட்டத்தில் உள்ள, விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவில் போன்ற நகரங்களில் இந்நிறைக்குத் தனி மதிப்பு உண்டு. மின்தடையை எதிர்பார்த்து வீடுகளிலும் சிறு கடைகளிலும் வைக்கப்படும் 600 விஏ தடையில்லா மின்வழங்கிக்கு 30 வாட்டு பெரிய சுமையன்று. உயர்விலை அட்டை ஒன்றைப் பொருத்தினால் கணினியின் மின்வழங்கியோடு இதனையும் மாற்ற நேரிடலாம். அட்டையின் விலையை மட்டும் ஒப்பிடுவோர் இச்செலவைக் கணக்கில் கொள்வதில்லை.

எச்.264, எச்.265, விபி9 ஆகிய நிகழ்பட வடிவங்களை அட்டையே குறிவிலக்கம் செய்வதால் பழைய செயலி கொண்ட கணினியிலும் உயர் துல்லிய நிகழ்படங்கள் தடையின்றி ஓடும்.

குறைகள்

இதில் நிகழ்படக் குறியாக்கி இல்லை. திருமண நிகழ்படங்களைத் தொகுப்போரும் ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்புவோரும் இதனை வாங்கினால் குறியாக்கப் பணி முழுவதும் மையச் செயலியின் மீதே விழும். பெரும்பாலான வடிவங்களில் இரண்டு திரைகளை மட்டுமே இணைக்கலாம். 2 கிகாபைட் நினைவகம் புதிய ஆட்டங்கள் பலவற்றுக்குப் போதாது. எளிய ஆட்டங்களுக்கு இச்சிக்கல் இல்லை. எடுத்துக்காட்டாக, 2020 இல் வெளியான வேலொரண்ட் ஆட்டத்தை நொடிக்கு 60 சட்டங்களில் ஆட இதனினும் பழைய ஜிடி 730 அட்டையே பரிந்துரைக்கப்பட்டது.

மடிக்கணினிகளில் இதற்கான பொருத்துவாய் இல்லை. எனவே தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இதனைப் பொருத்த இயலாது.

இரண்டு நினைவக வகைகள்

முதலில் வந்த அட்டை ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது. அதன் பட்டையகலம் நொடிக்கு 48 கிகாபைட்டு. 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் மற்றொன்று வெளியானது. இதன் பட்டையகலம் 16.8 கிகாபைட்டு மட்டுமே, அதாவது முன்னையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. செயலியின் வேகமும் சற்றுக் குறைக்கப்பட்டது. கருக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் தரவு உரிய நேரத்தில் வந்து சேராமையால் அவை காத்திருக்க நேர்கிறது. பல ஆட்டங்களில் வேகம் பாதியளவுக்குக் குறைந்ததை அவ்வாண்டில் வெளிவந்த சோதனைகள் காட்டின. வேறு எண் இட்டு விற்றிருக்க வேண்டிய பொருள் இது. பெட்டியின் மேல் உள்ள பெயர் மாறாததால் பாதிக்கப்பட்டவர் சிக்கனம் கருதி வாங்கியவரே.

டிடிஆர்4 நினைவகத்தை 4 கிகாபைட்டாக உயர்த்திய அட்டைகளும் பின்னர் வந்தன. அளவு கூடினாலும் பட்டையகலம் கூடாததால் இவை 2 கிகாபைட்டு ஜிடிடிஆர்5 அட்டையை விட மெதுவானவையே. ஊரில் ஓரிரு கணினிக் கடைகளே இருக்குமிடத்தில் வாங்குபவர் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வாய்ப்பு குறைவு. பெட்டியில் நினைவக வகை அச்சிடப்பட்டிருக்கும். சில நிறுவனங்களின் பொருள் எண்ணில் டி5 அல்லது டி4 என்னும் குறியும் காணப்படும். பெட்டியின்றி விற்கப்படும் பழைய அட்டையாயின் கணினியில் பொருத்தி ஜிபியு-இசட் மென்பொருளைக் கொண்டு பார்ப்பதே நம்பத்தக்க வழி.

மாற்றுகள்

பிப்ரவரி 2018 இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 3 2200ஜி செயலியின் உள்ளமைந்த வரைவி, ஜிடிடிஆர்5 வகை அட்டைக்கு நெருங்கிய வேகம் தந்தது. ஆகவே புதிய கணினி சேர்ப்போருக்கு இவ்வட்டையின் தேவை பெரிதும் குறைந்தது. பழைய கணினியை வைத்திருப்போருக்கு இது பொருந்தாது. புதிய செயலி எனில் தாய்ப்பலகையும் நினைவகமும் சேர்ந்து மாறும்.

இயக்கி ஆதரவு

பாஸ்கல் அட்டைகளுக்கான புதிய ஆட்ட இயக்கிகள் அக்டோபர் 2025 உடன் முடிவடையும் எனவும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அக்டோபர் 2028 வரை காலாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் எனவும் என்விடியா 2025 இல் அறிவித்தது.