'ப்ரிஜிட்' என்னும் ஆங்கிலப் பதம்

ஆங்கிலத்தில் குளிரைக் குறிக்கும் விசேஷணங்கள் பல உள. அவற்றுள் 'ப்ரிஜிட்' என்பதை ஈண்டு எடுத்துக்கொண்டோம். பிழைபடத் தமிழாக்குவதற்கு இதனைப்போல் எளிதான பதம் வேறொன்றை யாம் கண்டிலோம்.

இது குளிரென்னும் பொருளுடைய 'ப்ரிகஸ்' என்ற லத்தீன் சொல்லோடு உறவுடையது. பழைய ரோமரது ஸ்நான மண்டபங்களில் குளிர்நீர்த் தொட்டி அமைந்த அறைக்கு 'ப்ரிஜிடேரியம்' என்று பெயர். நம் இல்லங்களிலுள்ள ரெப்ரிஜிரேட்டரும் இக்குடும்பத்ததே. ஆயினும் உடலுக்கு இதமான குளிர்ச்சியை இப்பதம் உணர்த்தாது. கோடைப் பகலில் நாம் விரும்பிப் பருகும் பானகம் 'கூல்' ஆகலாம், 'ப்ரிஜிட்' ஆகாது. விரல் மரத்துப்போகும் கடுங்குளிருக்கே இது உரியது.

பூகோள நூலார் 66½ டிகிரி அட்சரேகைக்கு அப்பால் துருவங்கள் வரையுள்ள பாகங்களை ப்ரிஜிட் மண்டலங்கள் என்பர். தமிழில் சீதமண்டலம் எனலாம். அண்டார்க்டிகாவிலுள்ள வஸ்தோக் நிலையத்தில் 1983-ஆம் ஆண்டு ஜூலை 21-ல் பூஜ்யத்துக்குக் கீழ் 89.2 டிகிரி சென்டிகிரேட் பதிவாயிற்று. ஆனால் குளிர் எப்பொழுதும் பூகோளக் கோட்டிற்குக் கட்டுப்படுவதில்லை. சைபீரியாவிலுள்ள ஓய்மியாகோன் என்னும் சிற்றூர், கணக்கின்படி சமசீதோஷ்ண மண்டலத்தைச் சேர்ந்தது; அங்கே 1933-ல் பூஜ்யத்துக்குக் கீழ் 67.7 டிகிரி காணப்பட்டது!

இனி, இடர் விளைப்பது இதன் உருவகப் பிரயோகம். ஒருவர்க்கு 'ப்ரிஜிட்' வரவேற்புக் கிடைத்ததென ஆங்கிலேயர் எழுதுவர். யாம் திருத்திய மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றில், அரசர் தூதரை மனங்குளிர வரவேற்றார் என்றும், மறுநாளே யுத்தம் மூண்டது என்றும் இருந்தது. எழுதிய மாணவர் அகராதியைப் பாராதவர் அல்லர், பார்த்ததே பிழையாயிற்று.

நமது நாட்டில் வெயிலே பகை. ஆதலின் கண்குளிரக் காண்கிறோம், உள்ளங்குளிர வாழ்த்துகிறோம், கருணையைத் தண்ணளி என்கிறோம். சினமோ நமக்குக் கொதிப்பு. குளிர்நாட்டார்க்கு நெருப்பே துணை. அவர் அன்பை வெம்மையென்றும், அன்பின்மையைக் குளிரென்றும் கூறினர். அவர்தம் 'வார்ம்' வரவேற்பை வெப்பமான வரவேற்பு என்று நாம் எழுதினால், விருந்தினரை ஏசி அனுப்பியது போலவே செவிக்குப் படும்.

ஆகவே இவ்விடங்களில் குளிரையே விட்டுவிடல் வேண்டும். 'ப்ரிஜிட்' வரவேற்பைப் பாராமுகம் எனலாம். அரசர் முகங்கொடுத்துப் பேசிலர் எனலாம். 'ப்ரிஜிட்' புன்னகைக்கு 'வறண்ட நகை' என்பது ஒருவாறு பொருந்தும். 'குளிர்ந்த புன்னகை' என்று எழுதினாலோ, படிப்பவர் அதனை நட்பென்றே கொள்வர்.