பட்டியலில் வராத பெயர்கள்

இந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டுவிடலாம். முன்னோரைத் தேடுகிறவர்கள் ஃபேமிலிசர்ச் இணையதளத்தைப் பற்றி இப்போது அதிகம் பேசுகிறார்களே, ஏன்? பழைய கையெழுத்தை அங்கே இயந்திரம் படிக்கத் தொடங்கியிருக்கிறது, அதுதான் காரணம். படித்தால் என்ன பெரிதாக மாறிவிடும் என்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை நடத்தும் தளம் இது. சாவுக்குப் பிறகும் குடும்ப உறவு தொடரும், மறைந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் சடங்கு செய்யலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. சடங்கு செய்ய முன்னோரின் பெயர் தெரியவேண்டுமே! அதற்காக 1894-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1938 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம்பிடித்தார்கள். சுருள்கள் ஏறக்குறைய 24 லட்சம் ஆயின. அவற்றைக் காக்க ஒரு கருங்கல் மலையைக் குடைந்து பெட்டகம் கட்டினார்கள். இணையதளம் 1999-இல் வந்தது; சுருள்களை எல்லாம் கணினிக்கு மாற்றும் வேலை 2021-இல் முடிந்தது. நம்பிக்கை அவர்களுடையது என்றாலும் தளம் எல்லோருக்கும் இலவசம். கணக்கு ஒன்று தொடங்கினால் போதும்.

ஆனால், படம் இருப்பது வேறு, அதில் ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது வேறு. யாராவது ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பெயர்ப்பட்டியல் போட்டால்தான் தேட முடியும். அந்த வேலை எவ்வளவு பெரியது தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1865-இல் ஃப்ரீட்மன்ஸ் வங்கி தொடங்கப்பட்டது. 1874-இல் அது நொடித்துப்போனது. கணக்கு தொடங்க வந்தவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த இடம் என்று பல விவரங்களை அதன் ஏடுகளில் எழுதிவைத்திருந்தார்கள். அந்த ஏடுகளுக்குப் பட்டியல் போட்டதில் பெரும்பங்கு யூட்டா மாநிலச் சிறைக் கைதிகளுடையது. தாமாக முன்வந்து செய்தார்கள். பதினோரு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2001-இல் அது வெளிவந்தது. ஒரே ஒரு வங்கியின் ஏடுகளுக்கே இவ்வளவு காலம்!

இன்னொரு குறையும் உண்டு. பட்டியல் போடுகிறவர் ஆவணத்தின் முக்கியப் புள்ளிகளைத்தான் எடுப்பார். உயில் என்றால் எழுதியவர் பெயர். நிலப் பத்திரம் என்றால் விற்றவர், வாங்கியவர். மொய் நோட்டைப் பார்த்துக் கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கணக்கெடுப்பது போலத்தான் இது. மொய் எழுதியவர் இருப்பார். பந்தி பரிமாறியவர் இருக்கமாட்டார்.

இதனால் அதிகம் இழந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள். அடிமைகளாக இருந்தவர்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870-இல் நடந்தது. அதற்கு முன் 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். மிகச் சிலரைத் தவிர யாருக்கும் பெயர் கிடையாது. வம்சாவளி தேடுகிறவர்கள் 1870-ஐ ஒரு சுவர் என்றே சொல்வார்கள்.

ஆனால் அந்தப் பெயர்கள் எழுதப்படாமல் போகவில்லை. உடைமையாளர் இறந்தால் அவர் சொத்துக்குப் பட்டியல் போடுவார்கள். மாடு, மேஜை, கலப்பையோடு மனிதர்களும் அதில் வருவார்கள், பெயரோடும் டாலர் விலையோடும். ஆளை விலையாக மதித்ததால்தான் பெயரைக் குறித்துவைத்தார்கள். ஆனால் தேடுவதற்கான பெயர்ப்பட்டியல்களில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஏறவில்லை. தேட வேண்டுமென்றால் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும்.

2024-இல் ரூட்ஸ்டெக் என்ற வம்சாவளி மாநாட்டையொட்டி ஃபேமிலிசர்ச் அறிமுகப்படுத்திய முழு உரைத் தேடல் தொட்டது இந்த இடத்தைத்தான். முதலில் அமெரிக்க நிலப் பத்திரங்களையும் உயில் ஆவணங்களையும், மெக்சிகோவின் நோட்டரி ஏடுகளையும் இயந்திரம் படித்தது. முக்கியப் புள்ளி யார், மற்றவர் யார் என்று அது பார்ப்பதில்லை. சாட்சி, பக்கத்து நிலத்துக்காரர், விலைக்குப் போன பெண் என்று பக்கத்தில் உள்ள எல்லாப் பெயரையும் தேடலாம்.

எப்படித் தேடுவது? ஜார்ஜியாவின் 1870 கணக்கெடுப்பில் ஹன்னா என்ற நாற்பது வயதுப் பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்திலும் அடுத்தடுத்த பக்கங்களிலும் நிலபுலன் நிறைய உள்ளவர் யார் என்று பாருங்கள். கூப்பர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பெயரில் 1860 அடிமைப் படிவத்தில் முப்பது வயதுப் பெண் யாராவது உண்டா? உண்டென்றால், முழு உரைத் தேடலில் ஹன்னா, கூப்பர் இரண்டையும் போட்டு, இடத்தை அந்த மாவட்டத்துக்கும் காலத்தை 1865-க்கு முன்புக்கும் சுருக்குங்கள். ஒரு சொல்லுக்கு முன் கூட்டல் குறி இட்டால் அது இருந்தே தீரவேண்டும் என்று பொருள். நட்சத்திரக் குறி, விட்டுப்போன எழுத்துகளுக்கு இடம் பிடிக்கும்.

நட்சத்திரக் குறி எதற்கு? இயந்திரமும் தடுமாறும். வில்லியம் என்பதை அந்தக் கால எழுத்தர்கள் ஆங்கிலத்தில் முதலெழுத்தும் கடைசியெழுத்துமாகச் சுருக்குவார்கள். ஜெஸ்ஸி என்ற பெயரின் நடுவே வரும் எஸ், எஃப் போல நீண்டு நிற்கும். அதனால் இயந்திரம் தரும் உரையை நம்பி நின்றுவிடாமல், படத்தைத் திறந்து உங்கள் கண்ணால் படியுங்கள்.

எந்த மாவட்டத்தில் எந்த ஆண்டு ஏடுகள் எஞ்சியிருக்கின்றன, எங்கே நீதிமன்றம் தீப்பிடித்து எல்லாம் போயிற்று என்பதையெல்லாம் தளத்தின் ஆய்வு விக்கி சொல்லும். தேடலுக்கு முன் அதைப் படித்தால் இல்லாத ஏட்டைத் தேடி அலையவேண்டாம். ரூட்ஸ்டெக் உரைகளையும் காணொளியாக இலவசமாகப் பார்க்கலாம். பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குவது நல்லது.

ஹன்னா என்று பெயர் கிடைத்துவிட்டது. அவர்தான் உங்கள் ஹன்னாவா? அதை இயந்திரம் சொல்லாது. விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளவில்லை. வயது, பிள்ளைகளின் பெயர், ஊர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஃபேமிலிசர்ச்சின் குடும்ப மரம் உலகத்துக்கே பொதுவான ஒரே மரம். இறந்தவர்களைப் பற்றி யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். நீங்கள் அவசரப்பட்டு ஏற்றும் ஒரு பெயர் பத்துக் குடும்பங்களுக்குப் பாட்டியாகிவிடும். ஆவணத்தின் படத்தைக் கூடவே இணைத்து, ஏன் இவர்தான் என்று நினைக்கிறீர்கள் என்பதையும் இரண்டு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் தவறியிருந்தால் அடுத்து வருகிறவர் திருத்த அந்த இரண்டு வரி போதும்.